சொட்டும் குழாயும் தாராபாத்திரமும்

'குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் வீட்டில் காசு தங்காது' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக் கூடாது, உப்பைக் கையில் கொடுக்கக் கூடாது என்பது போல இதுவும் நம் வீடுகளில் வழிவழியாக வருகிற பேச்சு. வாஸ்து பார்ப்பவர்கள் இதற்குத் திசையும் சேர்த்துச் சொல்வார்கள். 'ஈசான்ய மூலையில் குழாய் ஒழுகினால் இன்னும் விசேஷமாகக் கெடுதல்' என்பார்கள். கேட்டதும் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்!

பயம் வந்தவர்களில் சிலர் உடனே பிளம்பருக்குப் போன் செய்வார்கள். இன்னும் சிலர், 'இதற்கு என்ன பரிகாரம்? வெள்ளிக்கிழமை மகாலட்சுமிக்கு நெய் விளக்கு ஏற்றினால் சரியாகுமா?' என்று கேட்பார்கள். நெய் விளக்கு ஏற்றுவது நல்லதுதான். ஆனால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பின்கட்டில் 'டொக்... டொக்...' என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், அம்பாள் எந்தப் பக்கம் காது கொடுப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். லட்சுமி போய்விடுவாளே என்ற பயத்தில் குழாயைச் சரிசெய்தால், அது தர்மமா, இல்லை வெறும் ஜாக்கிரதை உணர்ச்சியா? பயத்தில் செய்தாலும் குழாய் நின்றுவிடுகிறது, தண்ணீர் மிச்சமாகிறது. ஆகவே, பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். குழந்தையைக்கூட முதலில் 'சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லித்தானே வழிக்குக் கொண்டுவருகிறோம்! ஆனால், அந்தப் பயத்துக்கு ஆயுசு குறைவு. பக்கத்து வீட்டில் இரண்டு வருஷமாகக் குழாய் சொட்டுகிறது. அவர்கள் வீட்டிலோ புது கார் வந்து நிற்கிறது. அதைப் பார்த்த மறுநாளே நம் பயம் தெளிந்துவிடும். அதோடு, இந்தப் பயம் நம் வீட்டுக் குழாய்க்கு மட்டும்தான் உதவும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழாய் சொட்டினால் யாருடைய லட்சுமி போவாள்? எனவே, இன்னும் கொஞ்சம் உறுதியான காரணம் நமக்குத் தேவைப்படுகிறது.

அக்னி நட்சத்திர நாட்களில் சிவாலயத்துக்குப் போயிருப்பீர்கள். திருவண்ணாமலை போன்ற தலங்களில் அப்போது சுவாமிக்கு தாராபிஷேகம் நடக்கும். லிங்கத் திருமேனிக்கு மேலே பாத்திரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் அடியில் சிறு துவாரம். அதன் வழியே பன்னீரும் வாசனைத் திரவியங்களும் கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஈசனின் சிரசில் விழுந்துகொண்டே இருக்கும். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாலே நமக்கும் உள்ளம் குளிர்ந்துவிடும்.

அதுவும் சொட்டுதான், நம் வீட்டுக் குழாயிலிருந்து விழுவதும் சொட்டுதான். அங்கே வழிபாடு என்று கைகூப்புகிறோம். இங்கே ஏன் குற்றம் என்கிறோம்? 'கோயிலில் ஊற்றும் தண்ணீரும் வீண்தானே?' என்று கேட்கிறவர்களும் உண்டு. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளே கேட்பார்கள். 'அப்படியெல்லாம் பேசாதே, பாவம்' என்று வாயை அடைத்துவிடாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

தாராபாத்திரத்தின் துவாரம் வேண்டுமென்றே போட்டது. எவ்வளவு விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அமைத்தது. எப்போது கட்டுவது, எப்போது இறக்குவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் நிரப்புவதற்கு அர்ச்சகர் காத்திருக்கிறார். விழும் இடத்திலோ சாட்சாத் சிவபெருமான் இருக்கிறார். ஆக, சொட்டின் இரண்டு முனையிலும் ஆள் உண்டு. நம் வீட்டுக் குழாயில் மேல்முனையில் யாரும் இல்லை, கீழ்முனையில் சாக்கடை! யாரும் சங்கல்பம் செய்து அந்தத் தண்ணீரை விடவில்லை, யாரும் பெற்றுக்கொள்ளவும் இல்லை. தண்ணீரின் அளவு இங்கே இரண்டாம்பட்சம். கவனிப்பார் இல்லை என்பதுதான் முதல் குற்றம்.

நம் சம்பிரதாயம் தண்ணீரை எவ்வளவு நுணுக்கமாக அளந்திருக்கிறது தெரியுமா? ஆசமனம் செய்யும்போது உள்ளங்கையில் எவ்வளவு தீர்த்தம் எடுக்க வேண்டும் என்றால், ஓர் உளுந்து மூழ்குகிற அளவு! அதற்குமேல் தேவையில்லை. கங்கை பெருக்கெடுத்து ஓடும் கரையில் உட்கார்ந்து செய்தாலும் அதே உளுந்து அளவுதான். தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று அளவு மாறுவதில்லை.

'எங்கள் வீட்டில் சொந்தமாக போர் போட்டிருக்கிறோம். கரண்ட் பில் நாங்கள் கட்டுகிறோம். சொட்டினால் யாருக்கு நஷ்டம்?' என்று ஒரு வாதம் வரும். இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய வாதம்தான். மோட்டாரும் நம்முடையது, குழாயும் நம்முடையது. ஆனால், பூமிக்குள் இருக்கும் தண்ணீர் நம் காம்பவுண்டு சுவரைப் பார்த்து நிற்பதில்லை. நாம் இறைத்தால் பக்கத்து மனைக்கு அடியில் இருப்பதும் சேர்ந்துதான் வரும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. தினமும் பூஜைக்கு உட்கார்ந்ததும் கலசத்தில் கைவைத்து என்ன பிரார்த்திக்கிறோம்? கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி ஆகிய ஏழு நதிகளையும் அந்தத் தண்ணீரில் எழுந்தருளும்படி வேண்டுகிறோம். ஏழு நதிகளையும் அழைக்கும் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே குழாயில் பிடித்ததுதானே! கலசத்தில் இருக்கும்போது காவிரித் தாய். குழாயில் இருக்கும்போது மட்டும் வெறும் ஹெச்2ஓ-வா?

சென்னைவாசிகளுக்கு இது வெறும் பாவனைகூட அல்ல. 2004-ம் வருடம் முதல் சுமார் 235 கிலோமீட்டர் தூரக் குழாயில் வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வருகிறது. வீராணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து? கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக. கொள்ளிடம் யார்? காவிரியின் கிளை, திருவரங்கனுக்கு மாலை போல ஓடுகிறவள். வீராணத்தின் பழைய பெயர் வீரநாராயணன் ஏரி. பராந்தக சோழன் காலத்தது. அதன் அருகே காட்டுமன்னார்கோவிலில் கோயில் கொண்டிருப்பவர் வீரநாராயணப் பெருமாள். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்துக் கொடுத்த நாதமுனிகள் அவதரித்த மண் அது. அங்கிருந்து புறப்பட்டு இத்தனை தூரம் வருகிறாள் காவிரி. போதாததற்கு 1996-ம் வருடம் முதல் கிருஷ்ணா நதியும் கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வருகிறாள். அழைக்காமலேயே நம் சமையலறைக்கு வந்து நிற்கும் புண்ணிய நதிகளை, ஒரு ரப்பர் துண்டு தேய்ந்துபோன காரணத்தால் சாக்கடைக்கு வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

காசிக்குப் போய்வந்தவர்கள் வீட்டுப் பூஜையறையில் கங்கைச் சொம்பு இருக்கும், கவனித்திருப்பீர்கள். வாயை இறுக மூடி வைத்த சிறு செப்புச் சொம்பு. கீழே விழாதா, கசியாதா என்று வருஷக்கணக்கில் அதைப் பொத்திப் பொத்திப் பாதுகாப்போம். அந்தப் பக்தி உயர்ந்தது. அதில் நூறில் ஒரு பங்கு சமையலறைப் பக்கம் திரும்பினால் போதும் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த இடத்தில் பெரிய திருமலை நம்பியின் சரிதத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்ரீராமாநுஜருக்குத் தாய்மாமன் இவர். திருவேங்கடமுடையானின் திருமஞ்சனத்துக்காக, தினமும் பாபவிநாசத்திலிருந்து குடத்தில் தீர்த்தம் சுமந்து வருவதைக் கைங்கரியமாகக் கொண்டிருந்தார். மலைப்பாதை, தள்ளாத வயது, தலையில் குடம். ஒருநாள் வழியில் வேடன் ஒருவன் எதிர்ப்பட்டு, 'தாத்தா, தாகமாக இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்' என்றான். 'இது பெருமாளுக்கு உரியதப்பா' என்று சொல்லி நம்பி நடையைத் தொடர்ந்தார். வேடன் சும்மா இருப்பானா? பின்னாலிருந்து குடத்தின் மீது அம்பு எய்து துளை போட்டு, ஒழுகிய தண்ணீரை வாய் வைத்துக் குடித்துவிட்டான்! தலையில் பாரம் குறைவதை உணர்ந்து திரும்பிப் பார்த்த நம்பி, பதறிப்போய்க் கண்ணீர் விட்டார். மறுபடியும் அவ்வளவு தூரம் எப்படிப் போவேன் என்று கலங்கினார். 'அழாதீர்கள் தாத்தா' என்று சொன்ன வேடன், மலையில் ஓர் அம்பை எய்தான். அங்கிருந்து பொங்கி வந்ததுதான் ஆகாச கங்கை. வேடனாக வந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் திருமலையில் இதை நினைவுகூர்ந்து 'தண்ணீரமுது' உற்சவம் நடக்கிறது.

'பார்த்தீர்களா, குடம் ஒழுகியதால்தானே ஆகாச கங்கை வந்தது' என்று யாராவது வேடிக்கையாகச் சொல்லக்கூடும். அந்தத் துளைக்குக் கீழே தாகித்த வாய் ஒன்று இருந்ததே! அதை விட்டுவிடக் கூடாது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் வேறு. ஒழுகுகிறது என்பது நம்பிக்கு எப்படித் தெரிந்தது? தலைக்கனம் குறைந்ததால் தெரிந்தது. சுமந்தவருக்குத்தான் ஒழுகுவது தெரியும். நமக்குக் குழாய் வந்தபோது இந்த உணர்ச்சி போய்விட்டது. தெருமுனைக் கிணற்றிலிருந்து இடுப்பில் குடம் தூக்கி வந்த நம் பாட்டிகளுக்கு, ஒரு செம்புத் தண்ணீர் எவ்வளவு கனம் என்பது இடுப்பெலும்பில் பதிந்திருந்தது. சாதம் வடிக்க ஒன்று, பாத்திரம் அலம்ப ஒன்று, அலம்பிய தண்ணீர் வாழை மரத்துக்கு என்று அவர்கள் கணக்குப் போட்டதை நாம் கஞ்சத்தனம் என்று நினைத்து விட்டோம்.

அந்தக் கனத்தை 2019-ம் வருடம் சென்னைக்காரர்கள் மறுபடி உணர்ந்தார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. தெருத்தெருவாகக் கலர் கலர் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. லாரிச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம். ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தபோது, தெய்வத்தையே வரவேற்பது போல வரவேற்றார்கள். அதே ஜூலையில்தான், 40 ஆண்டுகளாக அனந்தசரஸ் புஷ்கரணியின் நீருக்குள் சயனித்திருந்த அத்திவரதர் காஞ்சியில் வெளிவந்து தரிசனம் தந்தார். லட்சோப லட்சம் பேர் வரிசையில் நின்றோம். தண்ணீருக்கும் வரிசை, தண்ணீருக்குள்ளிருந்து வந்தவருக்கும் வரிசை!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள். குழாய்ச் சொட்டு நாலைந்து சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். அப்படியானால், நாளொன்றுக்குக் குறைந்தது 17 லிட்டர். ஒரு குடத்துக்கு மேல்! வருஷத்துக்கு 6,000 லிட்டரைத் தாண்டும். 400 வீடுகளில் வீட்டுக்கு ஒரே ஒரு குழாய் ஒரு வருஷம் சொட்டினால், ஜோலார்பேட்டையிலிருந்து வந்த அந்த ரயில் முழுவதும் சாக்கடையில் போனதற்குச் சமம். ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்திலேயே 400 வீடுகள் இருக்கின்றன.

'நாங்கள்தான் கீழே பக்கெட் வைத்திருக்கிறோமே!' என்கிறீர்களா? பாராட்ட வேண்டியதுதான். அந்தத் தண்ணீரில் வீடு துடைக்கலாம், துளசிக்கு ஊற்றலாம். ஆனால், பக்கெட் வைத்தவுடன் நம் மனம் என்ன செய்கிறது? 'விஷயம் தீர்ந்தது' என்று அடங்கிவிடுகிறது. முதல் இரண்டு நாள் சத்தம் உறுத்தும். பிறகு அது காதில் விழுவதே இல்லை. இரவில் பக்கெட் நிரம்பி வழிகிறது, நாம் தூங்குகிறோம். ராமேஸ்வரத்துக்கு நான்கு நாள் யாத்திரை போகிறோம். அங்கே 22 தீர்த்தங்களில் நீராடிக்கொண்டிருக்கும்போது, இங்கே பக்கெட் பொங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும் என்பது வேறு இருக்கிறது. பழகிப்போவதுதான் எனக்கு இதில் பயமாக இருக்கிறது. ஒரு குடம் நல்ல தண்ணீரை எடுத்துச் சாக்கடையில் ஊற்றுங்கள் என்று யாராவது சொன்னால் நமக்குக் கை வராது. அதே குடம், நம் கை படாமல், சொட்டுச் சொட்டாகப் போனால் மனம் ஒப்புக்கொள்கிறது. செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்க நமக்குத் தெரியும். செய்யாமல் விட்டதற்கு? அது கணக்கிலேயே வருவதில்லை.

'ஏங்க, குழாய் சொட்டுதுங்க.' 'ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்.' எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! ஒரு வாஷர் மாற்ற பிளம்பரும் வரமாட்டார்; பெரிய வேலையாக இருந்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். வாடகை வீடு என்றால் 'ஓனர் பார்க்கட்டும்', சொந்த வீடு என்றால் 'அவர் பார்க்கட்டும்'. இப்படியே யாரும் பார்க்காமல் போகிறது.

புதிதாகச் செய்வதில் நமக்குள்ள ஆர்வம், இருப்பதைப் பழுதுபார்ப்பதில் இல்லை. சாஸ்திரமோ கிணறு, குளம் வெட்டுவதைப் 'பூர்த்தம்' என்று தர்மமாகச் சொன்னதோடு, சிதைந்ததைச் சீர்செய்வதற்கு 'ஜீர்ணோத்தாரணம்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. பெரியபுராணத்தைப் பாருங்கள். திருவாரூரில் தண்டியடிகள் என்றொரு நாயனார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் புதுக் குளம் வெட்டவில்லை. தூர்ந்துபோயிருந்த திருக்குளத்தைத் தூர்வாரினார். குளத்துக்குள்ளே ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண் வெட்டிச் சுமந்தார். அப்பர் சுவாமிகளின் கையில் இருந்ததும் உழவாரப் படைதானே! புல் செதுக்குகிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அடியாரை நாம் கோயில்தோறும் கும்பிடுகிறோம். அந்த வரிசையில் ஸ்பேனர் பிடித்த கைக்கும் ஓரமாக ஓர் இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

நிஜமாகவே, இது நீங்களே செய்யக்கூடிய வேலை. குக்கரில் கேஸ்கட் மாற்றத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தையே அல்ல. பல சுற்றுச் சுற்றித் திறக்கும் பழைய மாடல் குழாயில், வாயிலிருந்து சொட்டினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். முதலில் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிடுங்கள். குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். சிங்க் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். குட்டி ஸ்க்ரூ உள்ளே போய்விட்டால் அது தனிக் கதை! கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் மேல்பாகத்தைத் திருகி எடுத்தால் அடியில் வாஷர் தெரியும். அந்தப் பழைய வாஷரையே கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்கி வந்து மாற்றினால் முடிந்தது. அரைச் சுற்றில் திறக்கும் புது மாடல் என்றால் வாஷர் இருக்காது. உள்ளே உள்ள ஸ்பிண்டிலை அப்படியே மாற்ற வேண்டும். வெள்ளை டேப் சுற்றுவது சுவரோடு சேரும் மரையில் கசிந்தால்தான் உதவும். வாயில் சொட்டுவதற்கு அது மருந்தல்ல. சொட்டுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கித் திருகாதீர்கள். இறுக்க இறுக்க ரப்பர் வெட்டுப்பட்டு இன்னும் அதிகமாக ஒழுகும். மாமியார் மருமகள் சமாசாரத்துக்கும் இது பொருந்தும் என்று ஒரு தோழி சொன்னாள்; அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நம் வீட்டுக் குழாயைச் சரிசெய்தாயிற்று. அடுத்தவர் வீட்டுக் குழாய்? மும்பையில் ஆபித் சுர்தி என்றொரு எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட். நண்பர்கள் வீட்டுக்குப் போனால், அங்கே குழாய் சொட்டுவதைப் பொறுத்துக்கொள்ள அவரால் முடியாது. சிறு வயதில், விடியும் முன்பே ஒரு பக்கெட் தண்ணீருக்காக அம்மா வரிசையில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவர். 2007-ம் வருடம், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு மீரா ரோடு பகுதியில் கதவைத் தட்டத் தொடங்கினார். 'உங்கள் வீட்டில் குழாய் சொட்டுகிறதா? இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்.' வீட்டில் பெண்கள் தனியாக இருப்பார்கள் என்பதால் துணைக்கு ஒரு பெண் தன்னார்வலரும் உடன் போவார். இலக்கியத்துக்காகக் கிடைத்த பரிசுப் பணத்தை இதற்குத்தான் செலவழித்தார். திங்களூரில் வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகள் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்ட நமக்குக் கூச்சமாக இருக்கலாம். கோயிலில் கூச்சம் எதற்கு? உள்ளே நுழையும் முன் கால் அலம்பும் இடத்தில் நாலு குழாய் இருந்தால் ஒன்றாவது சொட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டித்தான் தினமும் பிரதட்சணம் செய்கிறோம். நாளைக்குப் போகும்போது ஆபீஸில் சொல்லுங்கள். அடுத்த பிரதோஷத்துக்குப் போகும்போதும் சொட்டிக்கொண்டிருந்தால் மறுபடி சொல்லுங்கள். அதற்கும் அடுத்த பிரதோஷத்துக்கு, அர்ச்சனைக் கூடையில் வில்வத்தோடு இரண்டு வாஷரையும் போட்டு எடுத்துப்போய், மெய்க்காவலரிடம் கொடுத்துவிட்டு, அவர் மாற்றி முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.